இரண்டாம் பாகத்துக்குப் போட்ட வெள்ளை அட்டை

இந்த நாட்டில் புத்தகம் புத்தகமாக மணப்பதில்லை. நம் பக்கம் புதுப் புத்தகத்தைப் பிரித்து முகத்தருகே கொண்டுபோனால் மையும் பசையும் சேர்ந்து ஒரு வாசம் வரும். மதராஸிலிருந்து கப்பலேறி இங்கே வந்த புத்தகம் மூன்று மாதத்தில் அதைத் தொலைத்துவிடும். முதலில் ஈரம் மணக்கும். பிறகு பூஞ்சணம். அதற்குப் பயந்து என் புத்தகங்களை ரப்பர்ப் புகைக்கூடத்தின் முன்னறையில் ஒரு மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். உள்ளே கம்புகளில் ரப்பர்த் தகடுகள் தொங்கிக்கொண்டு நாள் முழுக்கப் புகை குடிக்கும்; கசிந்துவரும் சூடு முன்னறைக்கும் வரும். ஈரம் அண்டாது. ஆனால் என்னுடைய இளவரசிகளும் பூதங்களும் பறக்கும் குதிரைகளும் புகைபிடித்த ரப்பர்போல மணக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் பாகத்தைத் திறந்தேன். அந்தப் புகை முகத்தில் அடித்தது. அதற்குமேல் ஒரு வரி ஓடவில்லை. மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கமுத்து பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. அவன் சட்டையும் இப்படித்தான் மணக்கும்.

மலாயாவில், ஜாசினிலிருந்து ஆறேழு மைல் உள்ளே ஒரு தோட்டத்தில் நான் கிராணி. காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதிவு எழுதி, துரை சொல்வதைத் தமிழிலும் ஆட்கள் சொல்வதை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்வது என் பிழைப்பு. இருபத்திரண்டு வயதில் கப்பலேறினேன். இப்போது நாற்பத்தேழு. மனைவி மக்கள் இருக்கவேண்டிய இடத்தில் புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாப் புத்தகமும் அல்ல. பழைய மாயக்கதைகள் மட்டும். அதிலும் அழகாக அச்சிட்டவை மட்டும். எழுபது தீவுகளையும் அவற்றில் வழிதவறிய ஓர் இளவரசனையும் பற்றிய நெடுங்கதை ஒன்று. ஊரில் அதைத் திருவிழாக் கடைகளில் சாணித்தாளில் அடித்து விற்பார்கள். படித்து முடிக்குமுன் முதல் பக்கம் கழன்று கையோடு வந்துவிடும். என்னிடம் இருப்பது அதுவல்ல. ஜப்பான் சண்டை முடிந்தபின் மதராஸ் அச்சுக்கூடம் ஒன்று கொண்டுவந்த மூன்று பாகப் பதிப்பு. கரும்பச்சைக் காலிகோ பைண்டு. முதுகில் பொன்னெழுத்து. விளிம்பு மூன்றிலும் பொன்பூச்சு. பாகத்துக்கு எட்டு வண்ணப்படம். ஒவ்வொரு படத்தின்மேலும் வெங்காயத்தோல்போல ஒரு மெல்லிய தாள். இவற்றோடு நான்காவதாக ஒரு துணைநூலும் போட்டிருந்தார்கள். எழுபது தீவுகளின் வரைபடம், பூதங்களின் வம்சாவளி, யாருக்கு யார் இட்ட சாபம், அது எப்போது தீரும் என்ற அட்டவணை. துணைநூலில் கதை கிடையாது. கதையைப் படித்தவனோடுதான் அது பேசும்.

கம்பிவேலிக்குள் இருக்கும் ஒரு தோட்டத்தில் இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பான்காரன் வந்தபோது அதற்குமுன் பத்து வருஷமாகச் சேர்த்ததையெல்லாம் மண்ணெண்ணெய் டின்னில் அடைத்து மரவள்ளிக்கிழங்குக் கொல்லையில் புதைத்தேன். அவன் போனபின் தோண்டிப் பார்த்தால் கறையான் தின்றது போக ஒரு கைப்பிடி மண். நாற்பது வயதில் முதலிலிருந்து ஆரம்பித்தவன் நான். ஆகவே கண்டிப்பு கூடிப்போயிற்று. கை கழுவாமல் தொடக் கூடாது. முனை மடிக்கக் கூடாது. இரவல் வாங்கினால் அன்றைக்கே அட்டை போட்டுவிடவேண்டும். என் பெயரைக்கூட உள்ளே எழுதமாட்டேன். அந்த முதல் தாளின் வெறுமையைப் பேனாவால் தொட எனக்கு மனம் வந்ததில்லை.

அங்கமுத்து புகைக்கூடத்து ஆள். விறகு கொண்டுவருவான், தீ பார்ப்பான், தகடுகளைத் திருப்பிப் போடுவான். என் பெட்டிக்கும் அவன்தான் காவல். முப்பது வயது. கைக்குழந்தையாக இங்கே வந்தவன். அப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோனான், திரும்பவில்லை. அம்மா அடுத்த வருஷம் காய்ச்சலில் போனாள். அவர்களைக் கூட்டிவந்த கங்காணியும் செத்துப்போனான். லயத்தில், கூலியாட்களின் வரிசைவீட்டில், ஒற்றை அறையில் தனியாகப் பொங்கித் தின்றான். தோட்டப் பள்ளியில் நாலாவது வரை படித்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் முதல் பாகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான். கையைச் சட்டையில் துடைத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"கிராணி, இந்தப் பூதம் அப்படியே நம்ம தண்டலு மாதிரி இருக்குலா."

"மெதுவாப் பேசு, கேட்டுறப் போவுது."

"ஏன், பூதம் கோவிச்சுக்குமா?"

தண்டல் என்பவர் எங்கள் கூலியாட்களுக்கு மேஸ்திரி. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அங்கமுத்து வந்தான். விரலை வரிமேல் வைக்கமாட்டான். ஒரு நூல் உயரத்தில் காற்றில் ஓட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டுவான். மூன்றாம் வாரம், "முதல் பாகத்துல கப்பல் பாய் செவப்பு, ரெண்டாவதுல நீலம். ஒரே கப்பலுதானே கிராணி?" என்று கேட்டான். எட்டு மாதமாக என்னிடம் இருந்த புத்தகம். எத்தனை முறை புரட்டியிருப்பேன், எனக்குத் தெரிந்ததில்லை. துணைநூலைத் தேடிப் பார்த்தோம். புயலுக்குப் பிறகு பாய் மாற்றியதாக ஒரு குறிப்பு இருந்தது. அன்று அவன் முகத்தில் வந்த திருப்தியை வேறு யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை. ஒரு புத்தகமும் சொந்தமில்லாத அவன்தான் எங்களில் உண்மையான சேகரிப்பாளன் என்று அப்போதே எனக்குத் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

அவசரகாலம் இங்கே எப்படி நடந்தது என்பதை ஊரில் இருப்பவர்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பத்திரிகையில் பெரிய சண்டை. எங்களுக்கு அது ஒரு வாசல். லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். ஒரே வாசல். காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக வெளியே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்தார்கள். தூக்குச்சட்டி, தண்ணீர்ப் போத்தல், குழந்தையின் தூளித்துணி எல்லாம் திறந்தாகவேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் மத்தியானம் வரை வெறும் வயிற்றோடு நின்றார்கள். ஊரில் ஒரு பிடி சோற்றை மறைத்தால் கஞ்சத்தனம். இங்கே அதற்குச் சிறை. காட்டுக்காரர்கள் மரத்தடிகளில் பிரசாரத் துண்டுத்தாள்கள் போட்டுவிட்டுப் போவார்கள். கண்ணில் பட்டால் படிக்காமல் எடுத்து ஆபீசில் கொடுத்துவிடவேண்டும் என்று நானே காலையில் கூவிச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

அங்கமுத்து இரண்டாம் பாகத்தை லயத்துக்குக் கொண்டுபோய்ப் படிக்க அனுமதி கேட்டபோது நான் இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, அட்டை போடாமல் ஒரு பக்கம் புரட்டக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன்.

"கல்யாணப் பொண்ணுக்கு முக்காடு போட்ட மாதிரி போட்டுக் கொண்டாறேன் பாருங்க," என்றான்.

ஒரு வாரம் கழித்து அதைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு வந்தான். வெட்டுக்காரர்கள் விடியலிலேயே போய்விட்டார்கள். ஸ்டோர், புகைக்கூட ஆட்கள் வெயில் ஏறியபின் வரிசையாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். நான் பெயர்ப்பதிவோடு வாசலில் நின்றேன். முந்தின வாரம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு லாரியைக் கொளுத்திவிட்டார்கள் என்பதால் அன்று ஒரு வெள்ளைக்கார அதிகாரியும் வந்து மரநிழலில் நின்றிருந்தார். சோதனை போட்ட மலாய்க் காவலர் சாதுவான மனிதர். அங்கமுத்துவின் துணிப்பையில் கைவிட்டவர் பொன்விளிம்பைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். கால்சட்டையில் கையைத் துடைத்துவிட்டு வலது கையால் மட்டும் வெளியே எடுத்தார். காகிதத்தைக் காலால் மிதித்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற என் ஊர் எனக்கு ஞாபகம் வந்தது.

"கித்தாப்?" என்று கேட்டார். வேத நூலா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையசைத்திருந்தால் திறக்காமலே திருப்பிக் கொடுத்திருப்பார். ஆனால் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பொய் சொல்ல அங்கமுத்துவுக்கு வரவில்லை. "செரித்தா ஹந்து," என்றான். பேய்க்கதை.

காவலர் சிரித்துவிட்டார். பேய் எப்படி இருக்கும் என்று கண்ணை உருட்டிக் காட்டிக் கேட்டார். இப்படி ஒரு கேள்வியை இந்த வாசலில் யாரும் கேட்டதில்லை. அங்கமுத்துவின் முகம் விரிந்தது. அவனே பக்கத்தைத் தேடி, மெல்லிய தாளை விரல் நுனியால் தூக்கிப் பிடித்து, நீலப் பாய்மரத்தின்மேல் குனிந்து நிற்கும் பூதத்தைக் காட்டினான். நன்றாகப் பார்க்கக் காவலர் புத்தகத்தைச் சாய்த்தார். பின்பக்கத்து அட்டை நழுவிப் புரண்டது. நாலு துண்டுத்தாளை மரவள்ளி மாவுப் பசையால் ஓரத்தோடு ஓரம் ஒட்டி, எழுத்தை உள்ளே மறைத்து, வெள்ளையை வெளியே காட்டிப் போட்ட அட்டை. வெயிலில் அதன் உட்பக்கம் தெரிந்தது. பாதி சீனம், பாதி தமிழ், மூலையில் நட்சத்திரம்.

காவலர் சட்டென்று அதை மடித்து மூடப் பார்த்தார். அதை நான் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அந்த வாசலில் எழுந்த சிரிப்புச் சத்தம் புதிது. அதைக் கேட்டே அதிகாரி நடந்து வந்துகொண்டிருந்தார்.

யாருடைய புத்தகம் என்று அவர் என்னைக் கேட்டார். நான் மாற்றிச் சொல்கிறவன்.

"யாரு புக்குன்னு கேக்குறாரு," என்றேன் தமிழில்.

அங்கமுத்து என்னைப் பார்த்தான். வரிசையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். புத்தகம் என்னுடையது, அட்டை போடச் சொன்னவன் நான், இவனுக்குக் காட்டுக்காரர்களோடு ஒரு சம்பந்தமும் இல்லை, இது ஒரு கிறுக்கன் இன்னொரு கிறுக்கனுக்காகச் செய்த காரியம் என்று இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியும். அந்த வாசலில் அது தெரிந்த ஒரே தமிழன் நான். வாக்கியம்கூடத் தயாராக நாக்கில் நின்றது.

"என்னுதுன்னு சொல்லிருங்க," என்றான்.

சொன்னேன். 'அவனுடையது' என்பதற்கு இங்கிலீஷில் ஒரே ஒரு சொல் போதும்.

அதிகாரி பெயர் தேடி முதல் தாளைப் புரட்டினார். வெறும் தாள். அத்தனை சுத்தமாக வைத்திருந்தேன். அங்கமுத்துவையும் புத்தகத்தையும் ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியபின் தண்டல் என் பக்கத்தில் வந்து வெற்றிலையைத் துப்பினார். "கிராணி புக்கு மாதிரியில்ல இருந்துச்சு?" என்றார். நான் பெயர்ப்பதிவை மூடினேன். "எனக்கென்ன, கண்ணு சரியாத் தெரியலலா," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தயவுக்கு இன்றுவரை அவர் முன்னால் நான் குனிந்துதான் நடக்கிறேன்.

இரண்டு முறை ஜாசினுக்குப் போனேன். முதல் முறை போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே கோப்பிக்கடையில் உட்கார்ந்து ஒரு கோப்பி குடித்தேன். இன்னொன்று குடித்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். பதினைந்து நாள் கழித்து உள்ளேயே போனேன். மேசையில் இருந்தவர் ஒரு தமிழர், டவுன் பிள்ளை, எழுத்துவேலைக்காரர். புத்தகம் என்னுடையது என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவரு தன்னுதுன்னு கையெழுத்துப் போட்டாச்சு சார். இப்ப நீங்க வந்து உங்களுதுன்றீங்க. அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதான்னு கேப்பாங்க. உங்க பேரையும் எழுதட்டுமா?"

நான் அந்தப் பேனாவைப் பார்த்தேன்.

"வீட்டுக்குப் போங்கலா," என்றார். அதில் கோபம் இல்லை.

போனேன். இப்படித்தான் மனிதன் வீட்டுக்குப் போகிறான்.

அங்கமுத்துவைப் பல மாதம் அடைத்துவைத்தார்கள். பிறகு இந்தியாவுக்கு அனுப்பிவிட உத்தரவாயிற்று. இந்தியாவுக்கு ஏன்? அங்கேதான் என் இன்னொரு கைவேலை இருக்கிறது. அவசரகாலம் ஆரம்பித்ததும் எல்லோருக்கும் அடையாளக் கார்டு எடுத்தார்கள். தோட்டத்து விண்ணப்பங்களையெல்லாம் நான்தான் நிரப்பினேன். பிறந்த இடம் எது என்று கேட்டபோது அங்கமுத்து தலையைச் சொறிந்தான். "கப்பல்ல வரும்போது ஆறு மாசம்னு அம்மா சொல்லும். ஊரு பேரு தெரியல கிராணி. விட்டுருங்க." மூன்று பாகத்தில் ஒரு பாகம் இல்லாவிட்டால் தூக்கம் வராதவன் நான். காலியாக ஒரு கட்டத்தை என் கை பொறுக்குமா? அழகான எழுத்தில் 'இந்தியா' என்று எழுதினேன். எந்த ஊரும் இல்லாதவனை எங்கே அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை எங்கேயும் அனுப்பியிருக்கமாட்டார்கள்.

இரண்டாம் பாகம் திரும்பி வரவில்லை. பெட்டியில் ஒன்றும் மூன்றும் இருக்கின்றன. துணைநூல் இருக்கிறது. போன மாதம் மலாக்கா டவுன் புத்தகக் கடைக்காரர் ஆள் விட்டனுப்பினார்: அதே பதிப்பு, இரண்டாம் பாகம் மட்டும், ஒரு குடும்பம் ஊருக்குப் போகையில் விற்றுவிட்டுப் போயிருக்கிறது, வேண்டுமா என்று. போய்ப் பார்த்தேன். கையில் எடுத்தேன். நீலப் பாய் பளிச்சென்று இருந்தது. முதல் தாளில் யாரோ ஒரு பெண் தன் பெயரையும் தன் ஊர்ப் பெயரையும் கோணல்மாணலாக எழுதியிருந்தாள். எத்தனை பத்திரமானவள் அவள். திருப்பி வைத்துவிட்டு வந்தேன். "என்ன சார், எழுதின புக்கு வேணாமா?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். நான் இன்னும் அந்தப் பழைய ஆள்தான் என்று அவர் நினைத்திருப்பார்.

அவனைக் கடைசியாகப் பார்த்தது மலாக்கா சிறையில். துறைமுகத்துக்கு லாரி ஏற்றுமுன் சொந்தக்காரர்களைப் பத்து நிமிஷம் பார்க்கவிட்டார்கள். அவனுக்கு யாரும் இல்லை. நான் மாமா முறை என்று சொல்லி உள்ளே போனேன். நடுவில் கம்பி வலை. தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காது பெரிதாகத் தெரிந்தது.

"எளைச்சுட்டே," என்றேன்.

"எங்க? நேரத்துக்குச் சோறு கிராணி. நம்ம வாசல் மாதிரி தூக்குச்சட்டியத் தொறந்து பாக்குறதில்ல."

இத்தனை மாதமும் நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். லயத்தில் தாள் கிடைத்திருக்காது, என் வீட்டில் ஒரு கட்டுப் பழைய பத்திரிகை கிடந்தது, நாலு தாள் கொடுத்தனுப்பியிருந்தால் தப்பித்திருப்பான் என்று. அதைச் சொன்னேன்.

"தாளு இருந்துச்சு கிராணி," என்றான். "கடையில சாமான் கட்டுன பழுப்புத் தாளு, நெறைய. ஆனா அந்தப் பச்சைக்குப் பழுப்பு எடுக்காது. வெள்ளைதான் எடுக்கும். வெறகுக்குப் போனப்ப அந்தத் துண்டுத்தாளைப் பாத்தேன். எழுத்துதான் உள்பக்கம் போயிருதே, யாரு பாக்கப் போறான்னு இருந்துட்டேன்."

"என்ன எழுதியிருக்குன்னாவது படிச்சியா?"

"ரெண்டு வரி படிச்சேன். கதை நல்லால்ல."

அவன் சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன். பச்சைக்கு எது எடுக்கும் என்று பார்க்க அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பத்திரிகைக் கட்டு எவ்வளவு லேசான பாவம். அதை மனதில் சுமந்துகொண்டே நான் இருந்திருக்கலாம்.

"அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும்," என்றேன்.

அவன் கம்பி வலையில் ஒரு முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தொறந்திருக்கலாம்," என்றான். குத்தியும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. பரவாயில்லை என்ற ஒரு சொல்லுக்காகவே அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவன் அதைத் தரவில்லை. தந்திருக்கவும் கூடாது.

மூன்றாம் பாகத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். கப்பலில் படிக்கட்டும் என்று. காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினான். "மறுபடி எவனாச்சும் தொறந்து பாப்பான்."

வெளியே லாரியைக் கிளப்பிச் சூடேற்றும் சத்தம் கேட்டது. என் ஊர்ப் பெயரைச் சொல்லி, என் வீட்டுக்குப் போ என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் எந்த வீட்டுக்கு? அம்மா போன செய்தி ஜப்பான் காலம் முடிந்தபின்தான் எனக்கு வந்தது. அண்ணன் வீட்டை விற்றுவிட்டுத் திருச்சிப் பக்கம் எங்கேயோ போனதாகக் கேள்வி. இருபத்தைந்து வருஷமாக நான் 'ஊர், ஊர்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் இடத்தில் எனக்காகக் கதவு திறக்க ஓர் ஆள் இல்லை. எனக்கே இல்லாத ஒன்றை இவனுக்கு எப்படிக் கொடுப்பேன்.

"நாகப்பட்டணத்துல எறக்கி விடுவாங்க," என்றேன்.

"அங்க எல்லாரும் தமிழா கிராணி?"

"எல்லாரும்."

"போலீஸ்காரங்களுமா?"

"அவங்களுந்தான்."

"அதிசயம்லா," என்றான். உண்மையாகவே வியந்தான். காவலர் அவன் தோளைத் தொட்டார். எழுந்து நின்றான். நானும் எழுந்தேன். ஏதாவது சொல்லவேண்டும் என்று, "பயப்படாதே, எறங்குனதும் யாரைக் கேட்டாலும் தமிழ்லயே வழி சொல்லுவாங்க," என்றேன்.

இரண்டடி போனவன் திரும்பினான்.

"எந்த ஊருக்குன்னு கேக்கட்டும், கிராணி?"